துணைவியார் என்று வாசிக்க மாட்டேன்

சேசு மரி சூசை துணை

தோட்டச் சிற்றாலயக் குழு
10 நவம்பர் 2024

மதிப்பிற்குரிய திருமதி மரியநாதன் அவர்களுக்கு,

கல்லறைத் திருநாள் திருப்பலியில் இறந்தோர் பட்டியலைத் தாங்கள் வாசித்த முறை பற்றி நமது குழுக் கூட்டத்தில் பேசப்பட்டது. ‘இன்னாரின் துணைவியார்’ என்று குடும்பத்தார் எழுதிக் கொடுத்திருந்த இடங்களில் தாங்களாகவே வேறு பெயர்களைச் சொல்லி வாசித்தீர்கள். குடும்பத்தார் எழுதிக் கொடுப்பதை மட்டுமே வாசிக்க வேண்டும் என்பது விதி. இதனால் ஒரு குடும்பம் பெரிதும் மனவருத்தம் அடைந்துள்ளது.

ஆகவே இனி ஞாயிறு வாசகங்களை இளையோர் வாசிப்பார்கள் என்று குழு முடிவு செய்துள்ளது. தங்களின் நீண்ட காலச் சேவைக்கு நன்றி.

இப்படிக்கு,
ச. அமல்தாஸ்
செயலாளர்


திரிங்காப்
13 நவம்பர்

திரு. அமல்தாஸ் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் முருகையாவின் லோரியில் முட்டைக்கோஸ் கூடைகளின் மேல் உட்கார்ந்து வந்து சேர்ந்தது. ஞாயிறன்று ஆலய வாசலில் எதிரே நின்று “என்ன அண்ணி, குளிர் அதிகமா?” என்று கேட்டீர்கள். அதே வாயால் இதைச் சொல்ல முடியவில்லை போலிருக்கிறது. சரி, எழுத்தில் தொடங்கினீர்கள், நானும் எழுத்திலேயே பதில் சொல்கிறேன். தொலைபேசியில் என்றால் குறுக்கே பேசுவீர்கள். கடிதத்தில் அது முடியாது.

முதலில் ஒரு திருத்தம். என் பெயர் திருமதி மரியநாதன் அல்ல. உங்கள் அண்ணனின் பெயர் அது. அவரோடு அதையும் அடக்கம் செய்துவிட்டோம். என் பெயர் பிலோமினா.

இரண்டாவது, மனவருத்தம் அடைந்த குடும்பம் எது என்று எழுதக் கூச்சப்பட்டிருக்கிறீர்கள். நம் குடும்பம்தான். ‘கங்காணி சவரிமுத்து அவர்களின் துணைவியார்’ என்று பட்டியலில் எழுதியிருந்தது உங்கள் கை. ‘பேச்சியம்மாள் என்கிற ஆரோக்கியம்மாள்’ என்று வாசித்தது என் வாய். உங்கள் அம்மா, என் அத்தை, கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கியவர் என்பதும் அதற்கு முன் அவர் பெயர் பேச்சியம்மாள் என்பதும் உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆலயத்தின் பொன்விழா மலரில் அவரை நாகப்பட்டினத்தில் வேதம் போதித்த உபதேசியாரின் மகள் என்று எழுதியவர் நீங்கள். அன்று பின் வரிசையில் “பேச்சியம்மாளா, அது யாரு?” என்று எழுந்த குரல் எனக்கும் கேட்டது. அதற்காக நான் வெட்கப்படவில்லை.

மூன்றாவது, என்னை வாசகப் பீடத்திலிருந்து இறக்கியதற்கு நன்றி. பக்கத்துப் பூத்தோட்டக் கங்காவும் நானும் பாட்காஸ்ட் ஒன்று தொடங்கப் போகிறோம். உங்களுக்குப் புரியும்படி சொன்னால், அது வானொலி மாதிரி. ஆனால் நிலையமும் கிடையாது, கமிட்டியும் கிடையாது. இந்த மலைத் தோட்டங்களில் வேலை செய்து செத்துப்போன பெண்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிப் பேசுவோம். முதல் பகுதி பேச்சியம்மாளைப் பற்றியது.

பிலோமினா


சேசு மரி சூசை துணை

தோட்டம்
19 நவம்பர்

அன்புள்ள அண்ணி,

குழு வேறு, குடும்பம் வேறு. செயலாளராக எழுத வேண்டியதை எழுதினேன். இதை உங்கள் கொழுந்தனாக எழுதுகிறேன்.

தயவுசெய்து இந்த விளையாட்டை விட்டுவிடுங்கள். மகன் எட்ரியனிடம் கேட்டேன். “அதுல போட்டா உலகம் பூரா கேக்கும்பா, அழிக்கவும் முடியாது,” என்கிறான். அவன் தோட்ட ஆபீசில் வேலை செய்கிறான். அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஒரு வயதில் எல்லாருக்கும் பேச ஆள் வேண்டும்தான். அதற்கு ஜெபமாலைக் குழு இருக்கிறது.

அம்மா இறந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஏன் தோண்டுகிறீர்கள்? உங்கள் அப்பா தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரெஸர். நீங்கள் கான்வென்ட்டில் படித்தவர். தொப்பி போட்ட துரையிடமே இங்கிலீஷில் பேசியவர். தேயிலைக் கொழுந்துக் கூடையைத் தூக்காதவருக்கு அதைப் பற்றிப் பேசுவது பெருமையாக இருக்கும். லயத்து வரிசை வீட்டில் பிறந்தவனுக்கு அப்படி இல்லை.

அண்ணன் இருந்திருந்தால் இதற்குச் சம்மதித்திருக்க மாட்டார்.

அமல்தாஸ்


திரிங்காப்
2 டிசம்பர்

தம்பி அமல்தாஸுக்கு,

கொழுந்தனாக எழுதியதால் இனி ‘நீ’ என்றே எழுதுகிறேன். நான் இந்த வீட்டுக்கு வந்தபோது உனக்கு மீசை முளைத்திருக்கவில்லை.

உன் அண்ணன் சம்மதித்திருக்க மாட்டார் என்பது உண்மைதான். நான் கார் ஓட்டப் பழகியதற்கும் அவர் சம்மதிக்கவில்லை. பிறகு மலையடிவாரத்துத் தாப்பா ஆஸ்பத்திரிக்கு அவரை யார் ஓட்டிக்கொண்டு போனது?

கூடை தூக்காதவள் என்று குத்தியிருக்கிறாய். சரியான குத்து. அதனால்தான் கூடை தூக்கியவர்களைத் தேடிப் போகிறேன். எனக்குச் செய்யத் தெரிந்தது ஒன்றே ஒன்று, எழுதியதைப் பிழையில்லாமல் உரக்க வாசிப்பது. கடைசி வரிசையில் தூங்குகிறவளுக்கும் வாக்கியத்தின் கடைசிச் சொல் கேட்க வேண்டும் என்று சிஸ்டர் பெர்னடெத் பிரம்போடு நின்று கற்றுக்கொடுத்தது அது. அது உன் கமிட்டி கொடுத்ததல்ல, கமிட்டி எடுத்துக்கொள்ளவும் முடியாது.

ஆனால் ஒலிப்பதிவு நான் நினைத்தது போல் இல்லை. என் வீட்டில் முயன்றோம். தகரக் கூரையில் மழை. மழை நின்றதும் கோலா தெர்லாவுக்குப் போகிற லோரிகள் ஏற்றத்தில் கியர் மாற்றுகிற சத்தம். அலமாரியைத் திறந்து, கம்பளிகளுக்கு நடுவே தலையை விட்டுப் பேசிப் பார்த்தேன். தும்மல்தான் பதிவானது. கடைசியில் கங்காவே வழி கண்டுபிடித்தாள். சாமந்தி அடுக்கி வைக்கிற அவளுடைய குளிர் அறை. சுவர் தடிமனானது. மோட்டாரை நிறுத்திவிட்டால் உலகமே இல்லாதது போல் அமைதி. ஸ்வெட்டரும் குல்லாயும் போட்டுக்கொண்டு, பூ வாளிகளுக்கு நடுவே இரண்டு ஸ்டூல். அரை மணி நேரம்தான் தருவாள். “அதுக்கு மேல போனா பூ வாயத் தொறந்துரும் அக்கா, அப்பறம் எவன் வாங்குவான்?”

முன்னோட்டமாக நான்கு பக்கம் எழுதி வைத்து வாசித்தேன். பிசிறில்லாமல் வாசித்தேன். வாசித்து முடித்துத் தாளை மடித்து, மைக்கைப் பார்த்து, “இது ஆண்டவர் வழங்கும் அருள்வாக்கு” என்றேன்.

ஆலயத்தில் வாசகம் முடிந்ததும் நான் இதைச் சொல்வதும் சபை ‘இறைவா உமக்கு நன்றி’ என்பதும் நாற்பது வருடப் பழக்கம். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

கங்கா ஸ்டூலிலிருந்து விழாத குறை. “அருள்வாக்கா! ஐயோ, அக்காவுக்குச் சாமி வந்துருச்சிலா! வேப்பிலை கொண்டாங்கடி!” என்று கத்தினாள். அவளுடைய பூ அடுக்குகிற பெண்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். நான் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்தபின் சிரித்தேன்.

கங்கா இன்னொன்றும் சொன்னாள். “நீங்க வாசிக்கிறது நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தம்மா எங்கக்கா? யாரோ புனிதையப் பத்தி வாசிக்கிற மாதிரி இருக்கு.” கோபம் வந்தது. பிறகு தாளை எடுத்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. அத்தையோடு வேலை செய்த யாராவது பேச வேண்டும். லெம்பா பெர்த்தாமில் நவமணி இருக்கிறார். அடுத்த வாரம் மைக்கோடு அவரைப் பார்க்கப் போகிறேன்.

பிலோமினா


திரிங்காப்
9 டிசம்பர்

அமல்தாஸ்,

நவமணி வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தார், உட்கார வைத்தார், பலாக்காய்ச் சிப்ஸ் கொடுத்தார். மைக்கை எடுத்ததும் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்.

“மன்னிச்சிருங்கம்மா. நேத்து அமல்தாஸ் தம்பி வந்திருந்தாரு. பேச வேணாம்னு சொல்லிட்டுப் போனாரு. கிராணி வீட்டுப் பேச்சு, எனக்கு எதுக்கு?”

2013-ஆம் வருடம் அணையைத் திறந்துவிட்டுத் தண்ணீரும் சேறும் வீட்டுக்குள் வந்தபோது, கூரை மேல் ஏறி நின்றுகொண்டு அதிகாரிகளைப் பெயர் சொல்லித் திட்டியவர் இந்த நவமணி. சேற்றுக்குப் பயப்படாதவரைப் பயமுறுத்திவிட்டு வந்திருக்கிறாய். எண்பது வயதுக் கிழவியிடம், தோட்ட ஆபீசில் கணக்கு எழுதிய உன் கிராணி அதிகாரத்தைக் காட்டினாயா? ஓய்வு பெற்ற பிறகும் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறாயா?

திரும்புகிற வழியெல்லாம் என்னால் ஒன்றைத்தான் நினைக்க முடிந்தது. விடியற்காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்க எல்லாரும் வரிசையில் நிற்க, பேச்சி என்று அத்தையின் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு நாளும் கூப்பிட்டார்கள். வேலை வாங்கப் பெயர் வேண்டியிருந்தது. செத்த பிறகு வேண்டாமா?

நீ ஒரு வாயை மூடலாம். நான் கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகளைப் பார்த்தும் பேசுவேன்.

பிலோமினா


சேசு மரி சூசை துணை

தோட்டம்
16 டிசம்பர்

அண்ணி,

நவமணியிடம் நான் அதிகாரம் காட்டவில்லை. கெஞ்சினேன். அதை அவர் உங்களிடம் சொல்லாமல் விட்டது அவருடைய நல்ல குணம்.

நீங்கள் என்னைப் பொய்யன் என்று நினைக்கிறீர்கள். உபதேசியார் மகள் என்பது நான் கட்டிய கதை இல்லை. அம்மா கட்டியது.

எனக்குச் சின்னக் கிராணி வேலைக்கு நேர்முகம் வந்தது. பெரிய கிராணி அப்போதெல்லாம் குடும்பத்தை விசாரித்துத்தான் மேஜைக்கு ஆள் எடுப்பார். மலையில் வேலை செய்கிறவர்களின் முகம் அவருக்குத் தெரியாது, பேரேட்டில் உள்ள பெயர்தான் தெரியும். ‘புல்லுவெட்டுக்காரி மகன்’ என்றால் வெளியே நில் என்பார். முதல் நாள் சாயங்காலம் அம்மா என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். “எங்கம்மா உபதேசியார் பேத்தின்னு சொல்லு... இல்ல, மகள்னே சொல்லு. நாகப்பட்டினம்னு சொல்லு. எவன் கப்பலேறிப் போயிப் பாக்கப் போறான்?” என்றார். பிறகு என் கையைப் பிடித்து, “இனிமே எங்க கேட்டாலும் இதேதான். பேச்சின்னு ஒருத்தி இல்ல. சத்தியம் பண்ணு,” என்றார். பண்ணினேன். அண்ணனும் பண்ணினார். அதனால்தான் இந்தக் கிணற்றடிப் பேச்சை உங்களிடம்கூட அவர் சொல்லவில்லை.

நான் காப்பாற்றுவது என் மானத்தை மட்டும் இல்லை. அம்மாவுக்குக் கொடுத்த வார்த்தையை. அதை மீறச் சொல்கிற உரிமை உங்களுக்கு யார் கொடுத்தது?

அமல்தாஸ்


திரிங்காப்
6 ஜனவரி 2025

தம்பி,

கிறிஸ்துமஸுக்கு உன் வீட்டிலிருந்து முறுக்கு வரவில்லை. என் வீட்டிலிருந்து கேக் வரவில்லை. முருகையா மட்டும் வந்தார். “என்னக்கா, இந்தத் தடவ கடுதாசி ஒண்ணுமில்லையா? வாட்ஸ்அப்புக்கு மாறிட்டீங்களா?” என்றார். ஆமாம், எழுதவில்லை. உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத எனக்குத் தெரியவில்லை. நான் இதை எழுத்தில் ஒப்புக்கொள்வது அரிது. பத்திரமாக வைத்துக்கொள்.

உரிமை யார் கொடுத்தது என்று கேட்டாய். அத்தை கொடுத்தார்.

கடைசி மாதங்களில் அவரைக் குளிப்பாட்டியது நான். ஒருநாள் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது, “பிலோமி, என் பேரு தெரியுமா உனக்கு?” என்று கேட்டார். “ஆரோக்கியம்மாள்,” என்றேன். “அது சாமியார் வெச்சது. எங்காத்தா வெச்சது பேச்சியம்மா. அத யாரும் கூப்புட்டு வருசக்கணக்காச்சு. ஒரே ஒரு தடவ கூப்புடேன்.” மாமியாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதா என்று நான் தயங்கினேன். அவர் விடவில்லை. கூப்பிட்டேன். “என்னா?” என்று பெரட்டில் நிற்கிற பெண் மாதிரி அத்தனை சத்தமாகப் பதில் சொன்னார். பக்கத்து அறையிலிருந்து உன் அண்ணன் ஓடி வந்தார்.

ஆக, ஒரே பெண் உன்னிடம் ஒன்று கேட்டார், என்னிடம் வேறொன்று கேட்டார். உன்னிடம் கேட்டது உன் வேலைக்காக. என்னிடம் கேட்டது அவருக்காக. அந்த வேலையிலிருந்து நீ ஓய்வு பெற்றாகிவிட்டது. அந்தப் பொய்க்கும் ஓய்வு கொடு. அது தன் உழைப்பை முழுதாகச் செய்துவிட்டது.

கிணற்றடிக் கதையைப் படித்தபோது எனக்கு அத்தை மேல் மரியாதை கூடியது என்பதையும் எழுதுகிறேன். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவனை மிஞ்ச அவரிடம் இருந்தது ஒரு பொய்தான். அதை எத்தனை கச்சிதமாகச் செய்திருக்கிறார்! நான் எழுதிய நான்கு பக்கத்தில் இல்லாத பேச்சியம்மாள் உன் கடிதத்தில் இருக்கிறார். கங்காவிடம் வாசித்துக் காட்டினேன். “இந்தம்மாதான்க்கா! இவுங்களத்தான் நான் தேடுனேன்!” என்றாள்.

நான் நான்கு பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதி ஒரு ஒத்திகை வாசித்திருக்கிறேன். கிணற்றடி அதில் இல்லை. அது உன்னுடையது, நீ சம்மதித்தால்தான் வரும். கங்கா அந்த ஒலிப்பதிவை எட்ரியனுக்கு அனுப்பியிருக்கிறாள். கேள். வரும் மாதம் முதல் சனிக்கிழமை பிற்பகல் மோட்டாரை நிறுத்துவோம். மூன்றாவது ஸ்டூல் இருக்கும். நீ வந்தாலும் வராவிட்டாலும் அவர் பெயரை நான் சொல்வேன்.

அண்ணி


தோட்டம்
24 ஜனவரி

அண்ணி,

நான் வர மாட்டேன். அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

ஒத்திகையைக் கேட்டேன். பிழைகள் இருக்கின்றன. அம்மா தொடக்கத்திலிருந்தே புல்லுவெட்டில் இருந்ததாகச் சொல்கிறீர்கள். தவறு. நான் பிறக்கும் காலம்வரை கொழுந்து பறித்தார். அதுவும் தோட்டத்திலேயே வேகமான கை. என்னை வயிற்றில் சுமந்தபோது சரிவில் விழுந்து இடுப்பு போனதால்தான் புல்லுக்கு மாற்றினார்கள். பெரட்டில் வெறும் ‘பேச்சி’ என்று கூப்பிட மாட்டார்கள். தோட்டத்தில் ஏழு பேச்சி இருந்தார்கள். ‘வடிவேலு பேச்சி’ என்று அப்பன் பெயரோடு கூப்பிடுவார்கள். தாத்தா பெயர் வடிவேலு. இதை நீங்கள் எங்கும் சொல்லவில்லை.

இன்னொன்று. முதல் தடவை அம்மா பெயரைச் சொல்லும்போது குரல் நன்றாக இருக்கிறது. இரண்டாவது தடவை இறங்குகிறது. கடைசியில் ‘பேச்சியம்மாள்’ என்பது ‘பேச்சியம்மா...’ என்று கரைந்து போகிறது. கடைசி வரிசைக்குக் கேட்காது. மற்றவர்களை இதற்காக எத்தனை தடவை கண்டித்திருக்கிறீர்கள்?

கிணற்றடியைச் சொல்லலாம். பெரிய கிராணியின் பெயர் வேண்டாம். அவர் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நவமணியிடம் பேசிவிட்டேன். அவர் பேசுவார்.

அமல்தாஸ்


திரிங்காப்
3 பிப்ரவரி

தம்பி அமல்தாஸுக்கு,

சனிக்கிழமை ஒலிப்பதிவு முடிந்தது. உன் திருத்தங்கள் எல்லாவற்றையும் சேர்த்தேன். குரல் பற்றிச் சொன்னதற்கு ஒருநாள் முழுதும் கோபமாக இருந்தேன். மறுநாள் பயிற்சி எடுத்தேன்.

நவமணி வந்தார். நல்ல சேலையும் அதற்கு மேல் பேரனின் கால்பந்து ஜாக்கெட்டும். உள்ளே வந்ததும், “இதென்னாம்மா, பொணத்த வெக்கிற ரூம்பு மாதிரி இருக்கு?” என்றார். கங்கா, “வாய வெச்சிட்டுச் சும்மா இருங்க பாட்டி, ரெக்கார்டு ஆவுது,” என்றாள். அது அப்படியே பதிவாகியிருக்கிறது. வெட்ட விடவில்லை. காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கி எறிந்தபடி அத்தை பாடுகிற பாட்டைப் பாடிக் காட்டினார். அது உன் பெரிய கிராணியைப் பற்றிய பாட்டு. உன் வேண்டுகோளின்படி பெயர் வரும் இடத்தில் மட்டும் கங்கா வாளியைத் தட்டியிருக்கிறாள்.

கிணற்றடியை நான் சொன்னேன். கடைசியாகப் பெயர். வடிவேலு மகள் பேச்சியம்மாள். நிமிர்ந்து, தலையைத் தூக்கி, கடைசி எழுத்துவரை சொன்னேன்.

அப்போதுதான் கதவின் கண்ணாடிச் சன்னலைப் பார்த்தேன். முருகையாவின் லோரிக்குப் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு யாரோ நிற்பதாக முன்னமே கங்கா ஜாடை காட்டியிருந்தாள். குடை இப்போது கதவடிக்கு வந்திருந்தது. கதவு ஒரு கையளவு திறந்திருந்தது. என் வாய் மறுபடியும் என்னை மிஞ்சிவிட்டது. “இது ஆண்டவர் வழங்கும் அருள்வாக்கு,” என்றேன்.

இந்தத் தடவை கங்கா சிரிக்கவில்லை. கதவடியிலிருந்து ஒரு ஆண் குரல், “இறைவா உமக்கு நன்றி,” என்றது.

பிறகு லோரி கிளம்புகிற சத்தம்.

நீ வர மாட்டேன் என்று எழுதியிருந்தாய். எழுதியதை மீறுகிறவன் இல்லை நீ. ஆகவே அது நீ இல்லை என்றே வைத்துக்கொள்கிறேன். ஆனால் மைக் கேட்டுவிட்டது. கங்கா அதையும் என் வாய்த் தவறையும் வெட்டிவிடலாமா என்றாள். முடியாது என்றேன். இரண்டும் இருக்கும்.

ஒரு சிக்கல். நிகழ்ச்சியில் பேசியவர்கள் எல்லாரையும் முடிவில் பெயர் சொல்லி அறிவிக்க வேண்டும். அந்தக் கதவடிக் குரலுக்கு என்ன பெயர் சொல்வது? யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. எழுதிக் கொடுக்காத பெயரை நானாகச் சேர்த்து வாசித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆகவே ‘பேச்சியம்மாளின் இளைய மகன்’ என்று மட்டும் வாசித்து வைத்திருக்கிறேன். பெயரில்லாமல், இன்னாரின் இன்னார் என்று அறியப்படுவது எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு வாய்ப்பு.

வேறு பெயர் வேண்டுமானால், ஞாயிற்றுக்குள் எழுத்தில் அனுப்பு.

பிலோமினா


சேசு மரி சூசை துணை

தோட்டம்
6 பிப்ரவரி

பிலோமினா அண்ணிக்கு,

வாசிப்போர் பட்டியலில் உங்களைத் திரும்பச் சேர்க்க முடியாது. குழுவின் முடிவு முடிவுதான். நீங்களும் கேட்க மாட்டீர்கள் என்று தெரியும்.

அடுத்த கல்லறைத் திருநாளுக்கு நம் குடும்பத்தின் பெயர்களை எழுதிக் கொடுக்க வேண்டியவன் நான். இன்றைக்கே எழுதி உறையில் போட்டுவிட்டேன். குடும்பத்தார் எழுதிக் கொடுப்பதைத்தான் வாசிக்க வேண்டும். இளையோர் யார் வாசித்தாலும் அதில் உள்ளபடிதான் வாசிப்பார்கள். விதியை நான் மீறவில்லை.

முறுக்கு இத்துடன் வருகிறது. முருகையாவை வழியில் தின்ன விடாதீர்கள்.

நீங்கள் கேட்டபடி எழுத்தில் அனுப்புகிறேன். கீழே உள்ளது போலவே வாசிக்கவும். குரலை இறக்க வேண்டாம்.

வடிவேலு பேச்சியம்மாள் மகன்
அமல்தாஸ்